கரண்ட் அடுப்பில் விழுந்த விரிசல்

நான் ஓய்வு பெற்ற அன்று ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு மாலையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். கூடவே ஒரு கேலியும் கிடைத்தது. நர்ஸ் படிப்புக்கு வந்திருக்கும் பெண்களில் வாய்த்துடுக்கான ஒருத்தி எழுந்து நின்று, "செல்லத்தாயி அம்மா ஸ்டெரிலைசிங் ரூமுக்குள்ள கால் வச்சு நாங்க பார்த்ததே இல்ல. எப்பப் பார்த்தாலும் நிலைப்படியிலயேதான் நிப்பாங்க. கரண்டுன்னா அம்புட்டுப் பயம்!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அந்த மாதம்தான் கிருமி போக ஆபரேஷன் ஆயுதங்களை வேகவைக்க ஒரு புது இயந்திரம் வந்திருந்தது. நேரம் முடிந்தால் அதுவே அணைந்துகொள்ளும், மணியும் அடிக்கும். பழைய கரண்ட் அடுப்பைக் கொட்டகையில் போட்டுவிட்டார்கள். அதன் முன்னால் கிடந்த பலகையைக் காட்டி, "இது எதுக்கும்மா, உட்கார்ந்து சாப்பிடவா?" என்று அதே பெண் கேட்டாள். அவளுக்கு நின்றபடி சொல்லிவிட முடியாத பதில் என்பதால், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் ஊர் ஆனையூர். எட்டாவது வரை படித்தேன். புருஷன் ரங்கூனுக்கு வேலைக்குப் போனார். யுத்தம் வந்தது, கடிதம் நின்றது. கையில் ஒரு பெண் குழந்தை. மதுரையில் பெண்களுக்கான ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக நான் அதற்கு முன்பே சேர்ந்திருந்தேன். தரை துடைத்தேன், துணி மடித்தேன், பிறகு ஆபரேஷன் அறைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டெரிலைசிங் ரூமில் போட்டார்கள். மூன்று வரியில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த அறைக்கு வர எனக்கு நான்கு வருஷம் ஆனது. அந்த வேலை போனால் என் வீட்டில் உலை கிடையாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்த அறையில்தான் கரண்ட் அடுப்பு இருந்தது. யாரோ ஒரு மில் முதலாளியின் சம்சாரத்துக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்ததற்காக அவர்கள் வாங்கிக் கொடுத்தது. மேசை உயரத்துக்கு இரும்புச் சட்டம். அதன் மேல் பெரிதாக ஒன்றும் சிறிதாக ஒன்றுமாக இரண்டு வார்ப்பிரும்புத் தட்டுகள். கம்பிச்சுருள் எல்லாம் தட்டுக்கு உள்ளே. வெளியே ஒன்றும் தெரியாது. தீ இல்லை, புகை இல்லை, சிவக்கவும் சிவக்காது. குளிர்ந்திருக்கும்போதும் கறுப்பு, கொதித்திருக்கும்போதும் கறுப்பு. விறகு அடுப்பு தான் எரிவதைக் காட்டிவிடும். இது காட்டாது. நிறுத்திய பிறகும் அரை மணி நேரம் உள்ளுக்குள் சூட்டை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். முதல் வாரமே என் உள்ளங்கையில் ஒரு பிறை வடிவத் தழும்பைக் கொடுத்தது. இப்போதும் இருக்கிறது.

அந்த அறைக்கு மேலதிகாரி ஞானமணி சிஸ்டர். பசுமலையில் பிறந்து பசுமலையிலேயே படித்தவர். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, காலில் மரக்கட்டைச் செருப்பு. டக் டக் என்று அந்தச் சத்தம் தாழ்வாரத்தில் கேட்டாலே நாங்கள் முந்தானையைச் சரிசெய்துகொள்வோம். யாரையும் அவர் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. கேள்விதான் கேட்பார். ஒரே கேள்வியைத் தினமும், அதே சொற்களில், முதல் தடவை கேட்பவர் போலவே கேட்பார்.

"கால் காஞ்சிருக்கா?"

அதுதான் முதல் கேள்வி. நாம் உள்ளங்காலைத் திருப்பிக் காட்ட வேண்டும். ஈரம் இருந்தால் கதவோரம் தொங்கும் சாக்கில் துடைக்க வேண்டும். பிறகு பலகையின் மேல் ஏற வேண்டும். தரையில் நின்று அடுப்பைத் தொடவே கூடாது.

"இடது கை எங்க?"

இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வேலை செய்வது வலது கை மட்டும். இரண்டு கையாலும் தொட்டால் கரண்ட் ஒரு கை வழியாகப் புகுந்து நெஞ்சைத் தாண்டி மறு கை வழியாகப் போகும் என்பார்.

"அடி காஞ்சிருக்கா?"

இது பாத்திரத்தின் அடி. ஆயுதங்களை வேகவைக்க ஈயம் பூசிய நீளமான செம்புப் பெட்டி ஒன்று இருந்தது. நம் வீட்டுச் சட்டிகளைப் போல அடி உருண்டிருந்தால் தட்டில் நடுவில் மட்டும் பட்டு, சூடு வீணாகும். அதனால் தட்டையாக அடித்து வாங்கியிருந்தார்கள். அதன் அடியைத் துணியால் துடைத்து, தட்டின் மேல் முதலில் வைத்துவிட்டு, அப்புறம்தான் சுவிட்சைத் திருப்ப வேண்டும். தண்ணீர் முக்கால் அளவு. ஆயுதம் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு கரண்டி சலவைச் சோடா. சுவிட்சில் சூட்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று அளவு உண்டு; கொதி வந்ததும் மூன்றிலிருந்து ஒன்றுக்குக் குறைக்க வேண்டும்; இல்லையென்றால் சோடா நுரைத்துப் பொங்கித் தட்டில் வழியும். அணைத்த பிறகு தட்டு வெதுவெதுப்பாகும்வரை காத்திருந்து, உலர்ந்த துணியால் துடைத்து, நல்லெண்ணெய் நனைத்த துணியால் ஒரு பூச்சு. மேலே தண்ணீர் ஊற்றவே கூடாது.

இவ்வளவையும் சிஸ்டர் எங்கே நின்று கேட்பார் தெரியுமா? நிலைப்படியில். அறைக்குள் வரவே மாட்டார். கட்டைச் செருப்பு நிலைப்படியைத் தாண்டாது. ஒரு தோளை வெளிச்சுவரில் சாய்த்துக்கொண்டு, அடுப்பில் நாங்கள் வேலையை முடிக்கும்வரை அங்கேயே நிற்பார். அவருக்குக் கரண்ட் என்றால் உயிர்ப்பயம் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. பயம் உண்மைதான், அவரே ஒப்புக்கொள்வார். லைட் சுவிட்சைக்கூட முந்தானையைச் சுற்றிக்கொண்டுதான் தட்டுவார்.

"நம்மளைப் பலியாடு மாதிரி உள்ள விட்டுட்டு வாசல்ல நிக்கிது பாரு," என்பார் கதீஜாக்கா.

கதீஜாக்காதான் அந்த அறையில் என்னோடு வேலை பார்த்தவர். பழைய நகரத்துக்காரர், அவர் வீட்டுக்காரருக்குத் தையல் தொழில். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். சிரித்தால் அடுத்த வார்டில் கேட்கும். நான் பயந்தாங்கொள்ளி. கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஜாதி. அவர் அதற்கு நேர்மாறு. தோசை யோசனையும் அவருடையதுதான்.

"ஏ புள்ள, இந்தத் தட்டை நல்லாப் பாரு. இது என்ன?"

பார்த்தேன். வட்டம், கறுப்பு, கனம், எண்ணெய்ப் பூச்சு. வேறென்ன? தோசைக்கல்!

மறுநாள் ஒரு தூக்குச்சட்டியில் மாவு வந்தது. சிஸ்டர் மதியம் வார்டு சுற்றப் போகும் நேரத்தில் பெரிய தட்டில் வெங்காயப் பாதியை எண்ணெயில் தொட்டுத் தேய்த்து ஊற்றினோம். முதல் தோசை பிய்ந்தது. இரண்டாவது பொன்னாக வந்தது. இதைப் பாவம் என்று நினைக்க அந்த வயதில் எங்களுக்குத் தோன்றவில்லை. விடியலில் ஆனையூரிலிருந்து நடந்து வருகிறவளுக்கு மதியம் ஒரு சூடான தோசை என்பது பெரிய விஷயம். வேடிக்கை என்னவென்றால், எண்ணெயும் வெங்காயமும் ஏறி அந்தத் தட்டு முன்னைவிடப் பளபளப்பாகிவிட்டது. சிஸ்டர் நிலைப்படியில் நின்று அதைப் பார்த்து, "தட்டை நல்லா வச்சிருக்கீங்க. சந்தோஷம்," என்றார். கதீஜாக்கா சிரிப்பை அடக்க முடியாமல் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

யுத்தம் முற்றியது. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. அவசரத்துக்கு என்று வைத்திருந்த பிரைமஸ் ஸ்டவ்கள் வறண்டு மூலையில் கிடந்தன. ஸ்பிரிட் விளக்கில் நாலு ஊசி வேகும், அவ்வளவுதான். ஆபரேஷன் ஆயுதம் முழுக்க அந்தக் கரண்ட் அடுப்பை நம்பி இருந்தது. அந்த வருஷத்து ரம்ஜான் மாதத்தில்தான் நான் அதைக் கெடுத்தேன்.

நோன்பாளி முன்னால் தின்னக் கூடாது என்று எனக்கு ஒரு கூச்சம். அதனால் மதியம் கதீஜாக்கா பின்கட்டில் தொழப் போகும் அந்தச் சிறு நேரத்தில் ஒரே ஒரு தோசையை அவசரமாகச் சுட்டு விழுங்கிவிடுவேன். பத்தாவது நோன்பு அன்று தட்டு சரியில்லை. முந்தின நாள் சோடா வழிந்திருந்ததால் அதை நானே அழுத்தித் தேய்த்திருந்தேன்; எண்ணெய்ப் பிடிப்பு முழுக்கப் போயிருந்தது. மாவு ஊற்றியதும் அப்பிக்கொண்டது. தோசைக்கரண்டியால் சுரண்டினேன். வரவில்லை. தீய்ந்த வாடை கிளம்பியது. அப்போது தாழ்வாரத்தில் டக் டக்.

சிஸ்டர் அந்த நேரத்தில் வர மாட்டார். அன்று வந்தார்.

பத்து வயதிலிருந்து தோசை சுட்ட கை இது. ஒட்டிக்கொண்டால் என்ன செய்வோம்? ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக் கல்லில் ஊற்றுவோம்; சொய்ங் என்று கொதித்து, ஒட்டியது விட்டுவிடும். சுரண்டி எடுத்துவிடலாம். நான் யோசிக்கவில்லை. கை யோசித்தது. சுவிட்ச் மூன்றில் இருக்கும்போது, முழுச் சூட்டில், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரைச் சாய்த்துவிட்டேன்.

சொய்ங் சத்தத்துக்குள்ளே ஒரு 'டக்'. கட்டைச் செருப்பின் சத்தம் என்று ஒரு நொடி நினைத்தேன். இல்லை. செருப்பு இன்னும் தூரத்தில் இருந்தது.

தோசையைச் சுரண்டி முந்தானையில் முடிந்துகொண்டு, சுவிட்சை அணைத்துவிட்டு நின்றேன். வயிற்றில் சூடு பட்டது. சிஸ்டர் நிலைப்படிக்கு வந்தார். மூக்கை உறிஞ்சினார். "என்ன வாடை?"

"துணி தீஞ்சிருச்சு சிஸ்டர்."

"கை சுட்டுச்சா?"

"இல்ல சிஸ்டர்."

போய்விட்டார். குனிந்து பார்த்தேன். தட்டின் நடுவிலிருந்து ஓரம் வரை ஒரு மயிரிழை. நகத்தால் தடவினால் நகம் மாட்டியது.

தொழுதுவிட்டு வந்த கதீஜாக்கா, "என்ன புள்ள, மூஞ்சி வெளிறிக் கெடக்கு?" என்றார். நான் தலைவலி என்றேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஆஸ்பத்திரி அடுப்பில் தோசை சுட்டு, யுத்த காலத்தில் கிடைக்காத தட்டை உடைத்தவளை யார் வேலையில் வைத்துக்கொள்வார்கள்? என் மகளின் முகம்தான் கண்ணில் நின்றது. விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்து விரிசலில் அப்பினேன். பார்த்தால் தெரியவில்லை.

மறுநாள் காலை பெட்டியை ஏற்றி, மூடியைத் தூக்கும்போது விரல் நுனியில் ஜிர்ரென்று ஒன்று ஓடியது. மூடியில் ஈரம் இருந்தது. பலகையில் நின்றதால் அத்தோடு போனது. விரிசல் வழியாக ஈரம் உள்ளே இறங்கி, கரண்ட் தட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டது என்று புரிந்துகொள்ள எனக்குப் பெரிய படிப்புத் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? கதீஜாக்காவிடம், "பெரிய தட்டுச் சுவிட்ச் லூசா இருக்குக்கா, சின்னதுலயே வைப்போம்," என்று புளுகினேன். நீளப் பெட்டி அதில் உட்காராது என்பதால் ஒரு சிறிய பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வேகவைத்தோம்; எல்லாம் இரண்டு மடங்கு நேரம் ஆனது. ஏன் தாமதம் என்று சிஸ்டர் கேட்டார். கரண்ட் வலு இல்லை என்று இன்னொரு புளுகு. கதீஜாக்காவோ சிஸ்டரின் விதிகளை விளையாட்டாக எடுத்துக்கொள்பவர். சிஸ்டர் இல்லாத நேரத்தில் பலகையைக் காலால் தள்ளிவிட்டுத் தரையிலேயே நிற்பார். அவர் தொழுவதற்கு முன் கை கால் கழுவுவார். ஈரக் காலோடு வருவார். அந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம் ஓடிப்போய்ச் சாக்கை எடுத்து அவர் காலடியில் போடுவேன். "என்னடி, எனக்கே சிஸ்டரா ஆயிட்ட?" என்று சிரிப்பார். காலையில் ஆஸ்பத்திரி வாசலில் நுழையும்போது யாராவது ஓடுகிறார்களா, கூட்டம் நிற்கிறதா என்று பார்ப்பேன். அவர் சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு வரும். சொல்லிவிடலாம், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் போவேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம் இழுக்கும். கதீஜாக்கா செத்துப்போவார் என்ற பயம் மறுபக்கம் இழுக்கும். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மையைச் சொல்கிறேன்: பதினோரு நாளும் முதல் பயம்தான் ஜெயித்தது.

இருபத்தோராம் நோன்பு அன்று மதியத்துக்கு முன் சோழவந்தானிலிருந்து ஒரு மாட்டு வண்டி வந்தது. வெற்றிலைக் கொடிக்கால் வேலை செய்யும் பெண், பெயர் பேச்சியம்மாள். வலி வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. குழந்தை குறுக்கே கிடந்தது. கூட வந்த நாத்தனார், "எங்கண்ணன் பொண்டாட்டியக் காப்பாத்துங்க தாயி," என்று வருகிறவர் போகிறவர் காலையெல்லாம் பிடித்தாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "அரை மணியில எனக்கு ஆயுதம் வேணும். அதுக்கு மேல தாங்க மாட்டா," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

பெரிய பெட்டி முழுக்க ஆயுதம். சின்னத் தட்டில் அது உட்காரவே உட்காராது. நான் அலமாரியிலிருந்து கிடுக்கிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் கதீஜாக்கா பெட்டியைப் பெரிய தட்டில் ஏற்றிவிட்டுச் சுவிட்சில் கை வைக்கப் போகிறார். பலகை ஓரமாகக் கிடக்கிறது. தரையில் அவர் கால். கால் ஈரம்.

"தொடாதக்கா! தொடாத! அது வெடிச்சிருக்கு! நான்தான் ஒடச்சேன்!"

என் குரலா அது என்று எனக்கே தெரியவில்லை. கதீஜாக்கா கையை இழுத்துக்கொண்டார். அதற்குள் சிஸ்டர் நிலைப்படிக்கு வந்துவிட்டிருந்தார்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கேள்விதான் கேட்டார்.

"எந்த எடத்துல?"

"நடுவுல இருந்து ஓரம் வரைக்கும் சிஸ்டர்."

"எத்தனை நாளாச்சு?"

"பதினோரு நாள்."

கதீஜாக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குச் சொல் இல்லை.

"ஜிர்ருங்குதா? ஈரக் கைக்கா, காஞ்ச கைக்கா?"

"ஈரக் கைக்கு மட்டுந்தான்."

"எதனால ஒடஞ்சுச்சு?"

"தோசை ஒட்டிக்கிச்சு சிஸ்டர். தண்ணி ஊத்திட்டேன்."

ஒரு கணம் அவர் கண்ணை மூடித் திறந்தார். ஒருத்தியைக் கூப்பிட்டு, சமையல் கட்டில் விறகு அடுப்பைக் காலி செய்து ஓர் அண்டா வைக்கச் சொன்னார். ஆனால் அது கொதிக்க முக்கால் மணியாகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேச்சியம்மாளின் முனகல் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், நான் வைக்கிறேன். நான் ஒடச்சது, நானே தொடுறேன்," என்று பலகையை இழுத்தேன்.

"கையை நீட்டு."

நீட்டினேன். வியர்த்து ஈரமாக இருந்தது.

"இங்க வா," என்றார். நிலைப்படிக்குப் போனேன். என் வலது கையைப் பிடித்து, நிலைக்கு வெளியே, தாழ்வாரத்துச் சுவரில் தன் தோள் உயரத்தில் இருந்த மெயின் சுவிட்சின் பிடியில் வைத்தார். "இதுதான் இந்த ரூமுக்கே கரண்டை நிறுத்துறது. என் கையை மட்டும் பாரு. வேற எதையும் பாக்காத. என் கை இழுத்துக்கிச்சுன்னா, நான் கத்துறேனா இல்லையான்னு யோசிக்காத. கீழ இழு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தச் சுவிட்சை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் அவர் தோள் சாய்ந்திருப்பதையும் தினமும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை. எங்களைப் பலியாடு மாதிரி உள்ளே விட்டுவிட்டு அவர் வாசலில் நின்றதாகச் சிரித்தோமே, அத்தனை நாளும் அவர் கை அந்தப் பிடிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்கிறது.

சிஸ்டர் கட்டைச் செருப்பைக் கழற்றினார். உள்ளங்காலைச் சாக்கில் துடைத்தார், ஒன்று, பிறகு மற்றொன்று. நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனார். "கதீஜா, நீ வெளிய போ," என்றார். கதீஜாக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைத் தொடாமல் நின்றார்.

முதலில் என்னை மெயினை இறக்கச் சொன்னார். இறக்கினேன். பெட்டியைத் தூக்கி அதன் அடியைத் துடைத்தார். தட்டைத் துடைத்தார். முந்தானை நுனியால் விரிசலை ஒற்றினார். பெட்டியிலிருந்து பாதித் தண்ணீரை வெளியே எடுத்துவிட்டார், சோடாவைப் போடவில்லை. துருப்பிடித்தால் பிடிக்கட்டும், பொங்கக் கூடாது. ஒரு சொட்டு வழிந்து விரிசலில் இறங்கினால் பியூஸ் போய்விடும். பேச்சியம்மாளுக்கு மறு வழி கிடையாது. பெட்டியை வைத்தார். பலகை மேல் ஏறினார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "மெயின்," என்றார். ஏற்றினேன். வலது கையால் சுவிட்சை மூன்றுக்குத் திருப்பினார்.

முதுகுக்குப் பின்னால் இருந்த அந்த இடது கை நடுங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டும் நடுக்கம் நிற்கவில்லை. லைட் சுவிட்சைத் துணி சுற்றித் தட்டுகிற மனுஷி. கொதி வரும்வரை அப்படியே நின்றார். நான் வலது கையையே பார்த்தேன். கண் சிமிட்டப் பயந்தேன். சிமிட்டுகிற நேரத்தில் அந்தக் கை இழுத்துக்கொண்டால்? சுவிட்சை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்பதே மறந்துவிட்டால்? என் உள்ளங்கை வியர்த்துப் பிடியில் வழுக்கியது. சேலையில் துடைக்கக் கையை எடுக்கவும் பயம். இன்னொருவர் உயிர் நம் கையில் இருக்கும்போது நேரம் எப்படி நகரும் என்று அன்று தெரிந்துகொண்டேன். நகராது. சிஸ்டர் இப்படி எத்தனை நாள் எங்களுக்காக நின்றிருக்கிறார் என்று நினைத்தேன். அழுகை வந்தது. அழுதால் கண் மறைக்கும் என்று அதையும் அடக்கிக்கொண்டேன்.

கொதி வந்தது. "ஒண்ணு," என்று தனக்குத்தானே சொல்லிச் சுவிட்சைக் குறைத்தார். குமிழி மூடியை முட்டும்போதெல்லாம் இன்னும் குறைத்தார், அடங்கினால் கூட்டினார். அண்டாவுக்குப் போனவள் திரும்பி வந்து, தண்ணீர் இன்னும் சூடே ஏறவில்லை என்றாள். கடைசியில், "மெயின்," என்றார். இறக்கினேன். அவர் மரக்கிடுக்கியால் மூடியைத் தூக்கினார். ஒரு சொட்டுகூடத் தட்டில் விழவில்லை.

ஆயுதம் உள்ளே போனது. கதவு மூடியது. சிஸ்டர் நிலைப்படிக்கு வந்து செருப்பைப் போட்டுக்கொள்ளப் பார்த்தார். கால் நுழையவில்லை. நான் குனிந்து போட்டுவிட்டேன். அவர் மறுக்கவில்லை.

பேச்சியம்மாள் பிழைத்தாள். குழந்தையும் பிழைத்தது, பெண். அழுகைச் சத்தம் கேட்டதும் நாத்தனார் தாழ்வாரத்திலேயே விழுந்து கும்பிட்டாள்.

மறுநாள் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்து, நடந்ததை நானே எழுதச் சொன்னார். தோசையை விட்டுவிடலாமா என்று ஒரு நப்பாசை. எழுதினேன். தோசை என்று எழுதினேன். வாசித்துவிட்டு, "மேல அனுப்புறேன். அவங்க உன்னை அனுப்பச் சொன்னா அனுப்பிருவேன். வச்சுக்கச் சொன்னா வச்சுக்குவேன்," என்றார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: கடும் எச்சரிக்கை, வேலை போகவில்லை. அந்த மூன்று வாரமும் எனக்கு ஆச்சரியமாக இருந்த விஷயம் ஒன்று உண்டு. வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது. ஆனால் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது.

ஒயர்மேன் வந்து பெரிய தட்டின் இணைப்பை எடுத்துவிட்டார். சின்னத் தட்டுக்கு ஏற்றாற்போல் சிறிய பெட்டிகள் அடித்து வாங்கினார்கள். யுத்தம் முடிந்து வேறு தட்டு வரும்வரை எல்லாம் அதில்தான். சிஸ்டர் எனக்கு ஓர் உத்தரவு போட்டார். "இனிமே நீ அடுப்பைத் தொட வேண்டாம். கதீஜா தொடும்போதெல்லாம் நீ இந்த நிலைப்படியில நிக்கணும். கை சுவிட்சுல இருக்கணும்."

தண்டனையா, பொறுப்பா என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கவலை வேறு. கதீஜாக்கா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. வருவார், வேலையைப் பார்ப்பார், போவார். சிரிப்பும் நின்றுபோனது. ஒரே ஒரு நாள், துணி மடிக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ பேயறைஞ்ச மாதிரித் திரிஞ்சியா, ரங்கூன்ல இருந்து ஏதோ கெட்ட சேதி வந்திருக்கு, சொல்லமாட்டாம முழுங்குறன்னு நெனச்சேன். அம்புட்டு நாளும் நோன்பு தொறக்கிறப்ப உனக்காகத்தான் துஆ கேட்டேன். இந்தப் புள்ளைக்கு என்ன பயமோ, அதை நீக்கிருன்னு கேட்டேன்."

மடித்த துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேலிடத்துப் பதில் வரும் முன்பே நோன்புப் பெருநாள் வந்து போனது. மறுநாள் காலை வழக்கம்போல நான் நிலைப்படியில் நின்றேன். கதீஜாக்கா சாக்கில் காலைத் துடைத்தார். முன்னெல்லாம் காலால் தள்ளிவிடும் அந்தப் பலகையைக் குனிந்து கையால் இழுத்துச் சரியாகப் போட்டார். ஏறி நின்றார். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்தார். வலது கை சுவிட்சுக்குப் போய்ப் பாதியில் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

"இருக்கியா புள்ள?"

மெயின் பிடியில் கையை அழுத்தி வைத்தேன். சொன்னேன்.

"இருக்கேன்க்கா."

அவர் சுவிட்சைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு அடுப்பு மாறியது. ஒயரிங் மாறியது. பலகை தேவையில்லை என்று இன்ஜினியர்களே சொன்னார்கள். ஞானமணி சிஸ்டர் ஓய்வு பெற்றுப் பசுமலைக்கே போனார். ஆனால் கதீஜாக்கா வேலையில் இருந்த கடைசி நாள் வரை, சுவிட்சில் கை வைக்கும் முன் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்ததில்லை. நான் பதில் சொல்லாமல் அவர் தொட்டதும் இல்லை. அவருக்குப் பின் வந்த பெண்கள் யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் நான் அங்கேயேதான் நின்றேன். நான் ஓய்வு பெற்ற அன்று எனக்குக் கரண்டுன்னா பயம் என்று சொன்னாயே மகளே, ஆமாம், பயம்தான். நீ அடுப்பைத் தொட்டபோதெல்லாம் நான் உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.